மாடி போர்ஷனில் பதில் இல்லை

உங்கள் வீட்டு மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? விட்டிருந்தால் இந்தக் கட்டுரை சுலபமாகப் புரியும். நீங்களே மாடியில் வாடகைக்கு இருப்பவர் என்றாலும் புரியும், கொஞ்சம் கோபத்தோடு.

வீட்டுக்காரருக்கு மாடியைப் பற்றி நிறையத் தெரியும். ஈபி மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, டேங்கில் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது, ராத்திரி எத்தனை மணி வரை லைட் எரிந்தது, எல்லாம் அத்துப்படி. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அடுப்பில் பால் இருக்கிறதா, மிக்ஸி ஓடுகிறதா, பையன் பரீட்சைக்குப் படிக்கிறானா, ஊஹூம். இப்போது எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். மாடிக்குக் கரண்ட்டை நிறுத்த வேண்டும். இரண்டு வழி. ஒன்று, மாடிப்படியில் நின்று "சார், அஞ்சு நிமிஷம் கரண்ட் நிறுத்தறோம்" என்று குரல் கொடுத்து, "சரி சார்" என்று பதில் வந்தபின் நிறுத்துவது. இன்னொன்று, பேசாமல் ஃபியூஸைப் பிடுங்குவது.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் வைப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். வர்ச்சுவல் மிஷின் என்பார்கள். மேஜையில் இருக்கும் நிஜ மிஷின்தான் வீட்டுக்காரர், பெயர் ஹோஸ்ட். அதற்குள் ஒரு பொய் மிஷினை உருவாக்கி, பொய் டிஸ்க், பொய் நெட்வொர்க் கார்டு எல்லாம் கொடுத்து, அதில் இன்னொரு விண்டோஸையோ லினக்ஸையோ குடிவைக்கலாம். அவர் கெஸ்ட். விருந்தாளி என்று மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் வருஷக்கணக்கில் தங்கிவிடுவதால் குடித்தனக்காரர் என்பதே பொருத்தம்.

இந்த இருவருக்கும் நடுவே பேச்சுவார்த்தைக்கு, கெஸ்ட்டின் உள்ளே ஒரு சின்ன புரோகிராமை உட்காரவைப்பார்கள். கெஸ்ட் ஏஜென்ட். மாடிப்படிப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து குரல் கொடுத்தால் பதில் சொல்வான். "ரெண்டு செகண்ட் டிஸ்க்கில் எதுவும் எழுதாமல் இருக்கச் சொல்லு" என்றால் உள்ளே போய்ச் சொல்லி நிறுத்திவைப்பான். இந்தப் பையன் பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2019 ஆவணி மாதம் மாயவரத்தில் கற்றுக்கொண்டேன். ஃபீஸ் கொஞ்சம் அதிகம்.

*

மாயவரத்தில் என் பெரியப்பாவுக்குப் பாத்திர வாடகைக் கடை. அண்டா, தேக்சா, ஜோடுதவலை, இட்லிக் கொப்பரை, நாற்காலி, ஜமுக்காளம். கல்யாணத்துக்கும் போகும், காரியத்துக்கும் போகும். எது யார் வீட்டில் இருக்கிறது, எப்போது திரும்பும், எத்தனை கரண்டி குறைகிறது என்பதையெல்லாம் ஒரு ஃபாக்ஸ்புரோ புரோகிராம் கவனித்துக்கொண்டிருந்தது. டாஸ் காலத்துச் சரக்கு. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. எழுதிக்கொடுத்த காலேஜ் பையன் இப்போது எந்தக் கண்டத்தில் இருக்கிறானோ தெரியாது. புரோகிராம் மட்டும் விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

அதில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பெரியப்பா அதைத் தொட்டதே இல்லை. நிரப்பியது பெரியம்மா. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பாள். "இந்த வீட்டில் போன வருஷம்தான் அப்பா தவறினார், வாடகை பேரம் பேசாதீங்க." "கரண்டி எண்ணி வாங்கணும்." "இவங்க பெண்ணுக்கு ரெண்டாவது கல்யாணம், பழைய கல்யாணத்தைப் பத்திப் பேச்செடுக்காதீங்க." பதினைந்து வருஷம் இப்படி ஊரையே குறித்துவைத்திருந்தாள். 2017-ல் பெரியம்மா போய்ச்சேர்ந்தாள். குறிப்புகள் இருந்தன.

நான் குடும்பத்துக் கம்ப்யூட்டர் டாக்டர். உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்; பாவம், அவரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதீர்கள். இந்தப் பழைய டாஸ் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடாது. பழைய மிஷினோ மூச்சு வாங்கியது. எனவே 2015-ல் கடைக்கு ஒரு லினக்ஸ் மிஷின் வாங்கி, அதற்குள் கேவிஎம் மூலமாக ஒரு 32 பிட் விண்டோஸ் 7-ஐக் குடிவைத்து, ஃபாக்ஸ்புரோவை அதில் ஏற்றினேன். பெரியப்பாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதே நீலம், அதே மஞ்சள்.

ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடி மிஷினை அணைத்துவிடுவார். எனவே ஒன்பது மணிக்குத் தானாகப் பேக்கப் எடுக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு டிஸ்க்கை ஒரு கணம் உறையவைக்கும். அந்த நிலையை ஒரு ஸ்நாப்ஷாட் பிடிக்கும். உடனே உறையை நீக்கும். பிறகு சாவகாசமாக வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். கடைசி ஏழு நாள் நகலை வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும். முடிந்ததும் என் செல்லுக்கு ஒரு எஸ்எம்எஸ்: "பேக்கப் வெற்றி."

அந்த ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஏஜென்ட் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது? தூக்கக் கலக்கத்தில், "பரவாயில்லை, அப்படியே நகல் எடு" என்று எழுதிவிட்டேன். இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

*

2019 ஜனவரியில் லினக்ஸ் மிஷினை மாற்றினேன். புது போர்டு, புது மெமரி. சிக்கனம் கருதி ஹார்ட் டிஸ்க் மட்டும் பழையது. மாற்றுவதற்கு முன் விண்டோஸை முறையாக ஷட்டவுன் செய்து, ஓடாத நிலையில் ஒரு முழு நகல் எடுத்து டிவிடியில் எரித்து, பெரியப்பா பீரோவில் போட்டேன். புது மிஷினில் குடித்தனக்காரருக்கு வீட்டைத் திரும்ப வரைந்து கொடுத்தேன். இத்தனை மெமரி, இந்த டிஸ்க், இந்த நெட்வொர்க். எல்லாம் ஓடியது. எஸ்எம்எஸ் வந்துகொண்டிருந்தது. பேக்கப் வெற்றி, பேக்கப் வெற்றி, பேக்கப் வெற்றி.

ஆவணியில் முகூர்த்த நெருக்கடி. கடையில் ஈ காக்கை நுழைய இடமில்லாமல் அண்டாக்கள் போய்வந்துகொண்டிருந்தன. அன்றைக்குப் பார்த்து அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு உயிரை விட்டது.

"பேக்கப் இருக்குல்ல, வந்து போட்டுக் குடுடா" என்றார் பெரியப்பா. கவலையே இல்லாத குரல். நானும் கவலை இல்லாமல்தான் ரயில் ஏறினேன்.

நேற்று ராத்திரி நகலைப் போட்டேன். விண்டோஸ் எழுந்தது. ஃபாக்ஸ்புரோ எழுந்தது. முக்கியமான ஃபைலைத் தொட்டதும், இது டேட்டாபேஸே இல்லை என்றது. முந்தாநாள் நகலில் அது திறந்தது, ஆனால் குறிப்பு ஃபைல் செல்லாது என்றது. அதற்கும் முந்தினது, அதே கதை. ஏழு நகலையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றில்கூட எல்லாம் சேர்ந்து திறக்கவில்லை.

காரணம் புரிய லாக் ஃபைலைத் திறந்தேன். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ராத்திரியும் நேர்மையாக எழுதிவைத்திருந்தது. "ஏஜென்ட் பதில் இல்லை. தொடர்கிறேன்." எட்டு மாதமாக. நான்தான் கடைசி வரியை மட்டும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொல்லியிருந்தேன்.

ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படியே நகல் எடுப்பது எப்படி என்றால், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது இலைகளை எண்ணுவது மாதிரி. இந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் இங்கே பத்துப் பேர் எழுந்து பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கையில் இருக்கும் கணக்கு எந்த நிமிஷத்துக்கும் சரியான கணக்கு இல்லை. ஃபாக்ஸ்புரோ ஃபைலின் தலைப்பில் "உள்ளே இத்தனை பதிவுகள்" என்று எண்ணிக்கை இருக்கும். நகலில் தலைப்பு ஒன்பது மணிக்கு உள்ளது, உடம்பு ஒன்பதே காலுக்கு உள்ளது. இரண்டும் பொருந்தாவிட்டால் அது கதவைச் சாத்திவிடும். ஒன்பது மணிதான் கடைப்பையன் திரும்பிவந்த பாத்திரங்களை மும்முரமாகப் பதியும் நேரம் என்பதையும் கவனிக்க.

*

இங்கே கொஞ்சம் சரித்திரம். வர்ச்சுவல் மிஷின் ஒன்றும் நேற்று வந்ததல்ல. ஐபிஎம் தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு விஎம்/370-ஐ அறிவித்தது 1972-ல். மேஜைக் கம்ப்யூட்டருக்கு விஎம்வேர் வந்தது 1999-ல். கேவிஎம் லினக்ஸின் கருவுக்குள் சேர்ந்தது 2007-ல். இவற்றுக்கெல்லாம் அடிப்படை லட்சியம் ஒன்றுதான்: உள்ளே இருப்பவருக்குத் தான் பொய் வீட்டில் இருக்கிறோம் என்று தெரியவே கூடாது.

லட்சியம் அபாரமாக நிறைவேறியது. அதனால்தான் தொல்லை. தனக்குக் கீழே ஒரு வீட்டுக்காரர் இருப்பதே தெரியாதவரிடம் எப்படிப் பேசுவது? எனவே இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிய சுவரில் வேண்டுமென்றே ஒரு சின்ன ஓட்டை போட்டார்கள். ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனி ஓட்டை, தனித்தனிப் பையன். விஎம்வேரில் 'டூல்ஸ்', வர்ச்சுவல்பாக்ஸில் 'கெஸ்ட் அடிஷன்ஸ்', கேவிஎம்முக்கு மிஷினாக வேஷம் போடும் க்யூஇஎம்யூவில் 'கெஸ்ட் ஏஜென்ட்'. இந்தக் கடைசிப் பையன் வேலைக்குச் சேர்ந்தது 2011-ல்.

பையன் பேசாவிட்டால் எல்லாரும் முதலில் செய்வது, பையனை மாற்றுவது. ஏஜென்ட்டை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு தடவை. பலன் பூஜ்யம். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, எந்த இடத்தில் பேச்சு அறுந்தது என்று கீழேயிருந்து மேலே வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். அந்த வரிசையை உங்களுக்கும் தருகிறேன். உங்கள் மேஜையில் இப்படி ஒரு குடித்தனம் இருந்தால் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: ஆள் எழுந்திருக்கிறாரா? ஹோஸ்ட் "ஓடுகிறது" என்று சொன்னால் மின்சாரம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே விண்டோஸ் அப்டேட் போட்டுக்கொண்டு முப்பது சதவீதத்தில் நிற்கலாம். நீலத் திரையில் விழுந்து கிடக்கலாம். திரையைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது: பையன் வேலைக்கு வந்திருக்கிறானா? விண்டோஸில் சர்வீஸஸ் பட்டியலைத் திறந்தால் 'க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்' என்று இருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மிஷின் எழும்போது தானாக எழும்படி இருக்க வேண்டும். என் கேஸில் பெயர் இருந்தது, ஆள் நின்றுபோயிருந்தான். ஸ்டார்ட் கொடுத்தால் எழுந்து உடனே படுத்தான். இது முக்கியமான துப்பு. பையனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அவன் நிற்க இடமில்லை.

மூன்றாவது: கதவு இருக்கிறதா? கேவிஎம்மில் இந்தப் பையன் பேசுவது நெட்வொர்க் வழியாக இல்லை. அதனால் ஐபி அட்ரஸையும் ஃபயர்வாலையும் குடைவது வீண். அவனுக்கென்று ஒரு தனி சீரியல் சானல், மிஷினின் வரைபடத்தில் ஒரு உறுப்பாகவே இருக்க வேண்டும். அதற்கு ஒரு நிலையான பெயரும் உண்டு. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பையன் அந்தக் கதவைத் தட்ட மாட்டான். ஜனவரியில் நான் வீட்டைத் திரும்ப வரைந்தபோது மெமரி வரைந்தேன், டிஸ்க் வரைந்தேன், சவுண்ட் கார்டுகூட வரைந்தேன். இந்த மூன்று வரி சானலை மறந்திருந்தேன். வாசல் வைக்காமல் வீடு கட்டிவிட்டு, குடித்தனக்காரர் பேசமாட்டேன் என்கிறார் என்றால்?

சேர்த்தேன். விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தேன். அப்போதும் பதில் இல்லை! தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து ரீஸ்டார்ட் செய்வது குடித்தனக்காரர் தூங்கி எழுவது மாதிரி. அவர் தூங்கி எழுந்ததனால் வீட்டில் புது வாசல் முளைக்காது. முழுக்க ஷட்டவுன் செய்து, ஹோஸ்ட்டிலிருந்து மறுபடி கிளப்பினால்தான் புது வரைபடப்படி மிஷின் கட்டப்படும். செய்தேன். பையன் எழுந்து நின்றான்.

என் கதை இங்கே முடிந்தது. உங்கள் கதை இன்னும் தொடரலாம் என்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காவது: கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்கிறதா? அதாவது டிரைவர். லினக்ஸ் கெஸ்ட்டில் பொதுவாக இது கூடவே வரும். விண்டோஸில் நாம்தான் போட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒன்று உட்கார்ந்திருந்தால், அதுதான் இந்தக் கதவு. பெயரைப் பார்த்தால் மோடம் மாதிரி இருக்கும். 2015-ல் முதல் தடவை போட்டபோது, கடையில் மோடமே கிடையாதே என்று அதைத் தள்ளிவிட்டு ஒரு ஞாயிறு முழுவதையும் தொலைத்தவன் நான். விர்ட்ஐஓ டிரைவர் தொகுப்பில் இதற்கான சீரியல் டிரைவர் இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

ஐந்தாவது: பாதி வாக்கியத்தில் நிற்கிறார்களா? இது கொஞ்சம் சூட்சுமம். ஹோஸ்ட் ஒரு கேள்வி கேட்டு, பொறுமையிழந்து எழுந்து போய்விடுகிறது. பையன் மெதுவாகப் பதில் கொண்டுவந்து வைக்கிறான். அடுத்து வந்தவர் வேறு கேள்வி கேட்டால், பழைய பதிலை எடுத்துப் படித்துவிட்டுக் குழம்புகிறார். நம் வீடுகளிலும் பல சண்டைகள் இந்த ரகம்தான். இதற்காகவே 'ஸிங்க்' என்று ஒரு கட்டளை. முதலில் ஒரு எண்ணைச் சொல்லி, "இதையே திருப்பிச் சொல்" என்பது. அதே எண் திரும்பி வரும்வரை வருகிற எல்லாவற்றையும் பழைய குப்பை என்று தள்ளிவிடலாம். இதிலேயே இன்னொரு வகையில், பதிலுக்கு முன்னால் 255 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டை வைத்து அனுப்புவான் பையன். ஒழுங்காக எழுதப்பட்ட எந்த யூடிஎஃப்-8 வாசகத்திலும் அந்த பைட் வராது. எனவே அதைக் கண்டால், புதுப் பேச்சு இங்கே ஆரம்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

ஆறாவது: உறையவைத்துவிட்டு மறந்துவிட்டார்களா? பேக்கப் பாதியில் செத்தால், லினக்ஸ் கெஸ்ட் உறைந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளலாம். அப்போது பையன் உயிரோடு இருப்பான், ஆனால் ஒரு சில கட்டளைகளுக்குத்தான் பதில் சொல்வான், மற்றதற்கெல்லாம் மறுப்பான். முதலில் உறைநிலையை விசாரித்து, உறையை நீக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் இந்த விஷயத்தில் கறார். உறைந்த நிலையில் பத்து செகண்டுக்கு மேல் எழுத்தைத் தடுத்துவைக்க அது சம்மதிக்காது.

ஆபீஸ் ஆசாமிகளுக்கு ஏழாவதாக ஒன்று: கடிகாரம். பெரிய கம்பெனிகளில் ஊழியர்களுடைய டெஸ்க்டாப்பே எங்கோ ஒரு சர்வர் ரூமில் வர்ச்சுவலாக ஓடும். அங்கே உள்ளே இருக்கும் ஏஜென்ட், நெட்வொர்க் வழியாக ஒரு மேனேஜர் சர்வரிடம் "நான் தயார்" என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கேதான் ஃபயர்வாலும் பெயர் தேடும் டிஎன்எஸ்ஸும் சந்தேகப் பட்டியலில் சேரும். எல்லாம் சரியாக இருந்தும் பதிவு மறுக்கப்பட்டால் இரண்டு கடிகாரத்தையும் பாருங்கள். விண்டோஸ் டொமைனில் ஆளை அடையாளம் பார்க்கும் கெர்பெராஸ் என்ற முறை, வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிஷ வித்தியாசம் வரை பொறுக்கும். அதற்கு மேல் போனால், நீ நீயே இல்லை என்றுவிடும். சேவ் பண்ணித் தூங்கவைத்து எழுப்பிய மிஷின், தான் தூங்கின நேரத்திலேயே இன்னமும் இருப்பது அடிக்கடி நடப்பது.

இவ்வளவும் முடிந்ததும் ஹோஸ்ட்டிலிருந்து 'கெஸ்ட் பிங்' என்று ஒரு குரல் கொடுங்கள். பையன் இருந்தால் பதில் வரும். என்ன பதில் தெரியுமா? ஒன்றுமில்லை. காலி அடைப்புக்குறி. உள்ளே ஒரு வார்த்தைகூட இருக்காது. ஆனால் அந்த ஒன்றுமில்லாத பதிலுக்கும் பதிலே வராமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், எனக்கு எட்டு மாதம்.

*

நிற்க. மாயவரத்தில் கணக்கு என்ன ஆனது?

பெரியப்பா கம்ப்யூட்டரை என்றைக்குமே முழுசாக நம்பியவரில்லை. கார்பன் வைத்த பில் புக் எல்லாம் அலமாரியில் வருஷவாரியாகக் கயிறு கட்டி இருந்தது. பீரோவிலிருந்து ஜனவரி டிவிடியை எடுத்தேன். முறையாகக் கேட்டு, குடித்தனக்காரர் இறங்கிவந்து, வீட்டைப் பூட்டிய பிறகு எடுத்த நகல் அது ஒன்றுதான். போட்டேன். திறந்தது. குறிப்புக் கட்டமும் திறந்தது. எட்டு மாத பில்களைக் கடைப்பையனும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து திரும்ப அடித்தோம். வெளியே முகூர்த்த கூட்டம். அந்த மூன்று நாளும் பாத்திரங்கள் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே போயின.

"வெற்றின்னு தினம் உனக்கு மெசேஜ் வந்துச்சுன்னியே, அதை யாரு அனுப்புனா?" என்று கேட்டார் பெரியப்பா.

"நான் எழுதின புரோகிராம்தான் பெரியப்பா."

"அப்ப நீயே உனக்கு அனுப்பிக்கிட்டே."

இதற்கு என்ன பதில் சொல்வது? பேசாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

ஸ்கிரிப்ட்டில் அந்த வரியை மாற்றிவிட்டேன். ஏஜென்ட் பதில் சொல்லாவிட்டால் இப்போது பேக்கப் நின்றுவிடும். "மாடியில் பதில் இல்லை" என்று எனக்கும் பெரியப்பாவுக்கும் எஸ்எம்எஸ் போகும். மெசேஜே வராவிட்டாலும் அது கெட்ட சேதி என்று அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு நகலை வேறு இடத்தில் விரித்து, குறிப்புக் கட்டம் திறக்கிறதா என்று பார்ப்பேன். திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப் அல்ல; நம்பிக்கை. நம்பிக்கை நல்லதுதான், ஆனால் அதை ரீஸ்டோர் பண்ண முடியாது.

உங்களுக்கு வர்ச்சுவல் மிஷினே இல்லாமல் இருக்கலாம். ஆனால் "பதில் வராவிட்டால் பரவாயில்லை, தொடர்" என்ற வரி உங்களிடமும் எங்காவது இருக்கும். ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி பில்லை அடித்துவிட்டு, சும்மா பாத்திரப் பட்டியலை ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினாலாம் நம்பர் அண்டாவுக்கு நேரே குறிப்பு இருக்கிறது என்று ஒரு நட்சத்திரம். திறந்தேன். பெரியம்மா எழுதியிருந்தாள்: "எங்க அம்மா வீட்டு சீர். இதை யாருக்கும் விடாதீங்க."

பெரியப்பாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரிப் பக்கம் போய் எண்ணிப்பார்த்தார். பதின்மூன்று இருந்தது, பதினைந்து இருந்தது.

முந்தினநாள், கம்ப்யூட்டர் இல்லாத அவசரத்தில், கடைப்பையன் அதை ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டிருந்தான்.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.